காதில் ஒலி, கையில் வேலை: கவனத்துக்கு ஒலி எவ்வளவு உதவும்?

"ஹெட்ஃபோனில் பைனாரல் பீட்ஸ் கேட்டுக்கொண்டு வேலை செய்தால் மூளை 40 ஹெர்ட்ஸ் தாளத்துக்கு வந்துவிடும், மனம் அலைபாயாது என்கிறார்களே, உண்மையா? வெள்ளை இரைச்சல், பழுப்பு இரைச்சல் என்றும் பேசிக்கொள்கிறார்கள். வயது வந்தவர்களுக்கு இவற்றால் கவனமும் மனக்கட்டுப்பாடும் வளருமா?" இதுதான் கேள்வி. (பைனாரல் பீட்ஸ் என்பது இரு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலியைத் தனித்தனியாகக் கொடுத்துத் தலைக்குள் ஒரு துடிப்பு கேட்கச் செய்வது. வெள்ளை, பழுப்பு இரைச்சல் என்பவை மாறாமல் சீராக ஓடும் இரைச்சல் வகைகள். ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற அளவு.)

ஒலி கவனத்தை மாற்றும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் வழி, அதாவது மூளை அலையை வெளியிலிருந்து பிடித்துத் தன் தாளத்துக்கு ஆட்டிவைப்பது, இருக்கும் வழிகளிலேயே சான்று மெலிந்த வழி. ஒலி நமக்கு உண்மையில் செய்துதரும் உதவிகள் எளிமையானவை. சோர்ந்த மூளையை அது எழுப்புகிறது. பக்கத்தில் நடக்கும் பேச்சை மூடிவிடுகிறது. வேலையிலிருந்து நழுவிவிட்ட மனத்துக்கு, எதற்காக உட்கார்ந்தோம் என்பதை நினைவுபடுத்துகிறது. இந்தக் கடைசி உதவியைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். மனக்கட்டுப்பாடு என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஏன் என்று விளக்குவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விழிப்பாக இருப்பது வேறு. அந்த விழிப்பை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டாததை ஒதுக்குவது வேறு. ஆய்வுக்கூடத்தில் இரண்டாவதை அளக்க ஒரு பழைய சோதனை உண்டு. திரையில் ஐந்து அம்புக்குறிகள் வரிசையாகத் தோன்றும். நடு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்தும் ஒரே பக்கம் காட்டினால் விரல் தானாகப் போய்விடும். நடு அம்பு வலப்பக்கம் காட்ட, மற்ற நான்கும் இடப்பக்கம் காட்டினால் விரல் ஒரு கணம் தயங்கும். சில சமயம் தவறான பொத்தானிலேயே விழும். அந்தத் தயக்கம் எவ்வளவு என்று அளந்தால், சுற்றியுள்ள அம்புகளை ஒதுக்கித் தள்ள மனத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஜின் ஃபான், மைக்கேல் போஸ்னர் குழுவினர் 2002-ல் 40 பெரியவர்களிடம் இதைச் செய்தபோது சராசரி 84 மில்லி விநாடி வந்தது.

இப்போது அம்புகள் தோன்றுவதற்குச் சற்று முன்னால் காதில் ஒரு சிறு 'பீப்' ஒலிக்க விடுங்கள். எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று அந்த ஒலி சொல்வதில்லை. ஏதோ வரப்போகிறது என்று மட்டும் சொல்கிறது. ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்து பார்த்தார்கள். பொத்தானை அழுத்தும் வேகம் கூடியது. ஆனால் பக்கத்து அம்புகள் செய்யும் குழப்பம் குறையவில்லை, கூடிவிட்டது. திடுமென எழுப்பப்பட்ட மூளை எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் உள்ளே விடுகிறது, ஒதுக்க வேண்டியதையும் சேர்த்து. ஒலியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்திருந்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். ஒலி எழுப்பிவிடும், எழுந்த பிறகு எதைப் பார்ப்பது என்பதை அது முடிவுசெய்வதில்லை.

எழுப்பும் வேலை எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்ததுதான். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறிய நரம்புக் கூட்டம் இருக்கிறது. எதிர்பாராத ஒலி கேட்டதும் அது மூளை முழுவதும் நார்அட்ரினலின் என்ற விழிப்பூட்டும் வேதிப்பொருளைப் பாய்ச்சுகிறது. கண்ணின் பாவை விரிகிறது, தசை ஆயத்தமாகிறது. இந்த விழிப்பு ஓர் அளவு வரைக்கும் நல்லது. அளவைத் தாண்டினால் வேலை கெடும், கடினமான வேலை இன்னும் சீக்கிரம் கெடும். 1908-ல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளிடம் கண்டதன் சாரம் இதுதான். அதனால்தான் ஒரே பாட்டு துணி மடிக்கும்போது உற்சாகம் தருகிறது, கணக்குப் போடும்போது எரிச்சல் மூட்டுகிறது. எந்த ஒலி நல்லது என்று யாராவது கேட்டால், நீங்கள் எந்த வேலையில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

இனி பைனாரல் பீட்ஸுக்கு வருகிறேன். இதன் இயற்பியல் உண்மையிலேயே அழகானது. இடது காதில் 200 ஹெர்ட்ஸ், வலது காதில் 210 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகத் தூய ஒலியைக் கொடுத்தால், தலைக்குள் ஏதோ விநாடிக்குப் பத்து முறை துடிப்பதுபோல் கேட்கும். ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள். துடிப்பு அக்கணமே நின்று ஒரே சீரான ஒலி மட்டும் மிஞ்சும். மீண்டும் மாட்டுங்கள், துடிப்பு திரும்பிவிடும். மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு வியப்பு வருகிறது, ஏனென்றால் அந்தத் துடிப்பு காற்றில் எங்கும் இல்லை. இரண்டு காதிலிருந்தும் வரும் செய்திகள் மூளைத்தண்டில் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிய, இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டை ஒப்பிடும் நரம்புகள் அங்கே இருக்கின்றன. சற்றே மாறுபட்ட இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது அந்த வேறுபாடு ஏறி இறங்குகிறது. அதைத்தான் நாம் துடிப்பாகக் கேட்கிறோம். வேறுபாடு மிகக் குறைவாக, விநாடிக்கு ஒன்றிரண்டு என்று இருந்தால், ஒலி தலைக்குள் இடமிருந்து வலமாக நகர்வதுபோலவே தோன்றும்.

ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே என்ற பிரஷ்ய இயற்பியலாளர் 1839-ல் இதைக் கண்டார். நூறாண்டுக்கு மேல் இது ஒரு காட்சிப் பொருளாகவே கிடந்தது. 1973-ல் ஜெரால்ட் ஆஸ்டர் எழுதிய கட்டுரைதான் இதை மருத்துவர்கள் பக்கம் கொண்டுபோனது. அவர் குறித்த வரம்புகள் இன்றும் பொருந்துகின்றன: அடிப்படை ஒலி 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் துடிப்பு கேட்காது, இரு காதுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸைத் தாண்டினால் துடிப்பு மங்கிவிடும். விற்பனையில் பெரிதாகப் பேசப்படும் 40 ஹெர்ட்ஸ் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூளை அலைக் கதை வேறு இடத்திலிருந்து வந்தது. ஹன்ஸ் பெர்கர் 1929-ல் மனித மூளையின் மின்னலைகளை வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது விநாடிக்குப் பத்து முறை அளவில் ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை, விழித்து வேலையில் இருக்கும்போது வேகமான பீட்டா அலை, கவனம் கூர்மையாகும்போது விநாடிக்கு 40 முறை அளவில் துடிக்கும் காமா அலை என்று பின்னர் ஒரு பட்டியல் உருவானது. 1981-ல் ராபர்ட் கலம்போஸ் குழுவினர், விநாடிக்கு 40 முறை ஒலியைத் தட்டினால் மண்டையோட்டின் மேல் அதே தாளத்தில் வலுவான மின்னலை எழுவதைக் காட்டினார்கள். இது இன்றும் கேள்திறன் பரிசோதனைகளில் பயன்படும் உறுதியான உண்மை. இவ்விரண்டையும் யாரோ ஒட்டிவைத்தார்கள்: கவனமாக இருக்கும்போது காமா வருகிறது, 40 ஹெர்ட்ஸ் ஒலி காமாவை எழுப்புகிறது, ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலி கவனத்தைத் தரும்.

இந்த "ஆகவே"யில்தான் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சல் வந்தால் வெப்பமானியில் பாதரசம் ஏறும். வெப்பமானியை வெந்நீரில் வைத்துப் பாதரசத்தை ஏற்றினால் காய்ச்சல் வராது. அலையை எழுப்புவதும், அந்த அலை எந்த வேலையின் அடையாளமோ அந்த வேலையை நடக்கச் செய்வதும் இரு வேறு செயல்கள்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? தொடக்கத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் 1998-ல் 29 பேரிடம் அரை மணி நேரக் கண்காணிப்பு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். வேகமான, அதாவது 16, 24 ஹெர்ட்ஸ் துடிப்புகளைக் கேட்டபோது, மெதுவான துடிப்புகளைக் கேட்டபோதைவிடச் சரியான விடைகள் கூடியிருந்தன, மனநிலையும் மேலாக இருந்தது. 2019-ல் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு நடுத்தர அளவுப் பலன் இருப்பதாகச் சொன்னது. வேலையின்போது மட்டும் கேட்பதைவிட வேலைக்கு முன்பே கேட்பது நல்லது என்றும் அதில் தெரிந்தது. இவற்றை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் சிறு எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் திரட்டினால், பலன் கிடைத்தவையே அச்சேறி, கிடைக்காதவை மேசை இழுப்பறையில் தங்கிவிடும் சிக்கலும் கூடவே வரும்.

அடுத்து வந்த ஆய்வுகள் குளிர்ந்த நீரை ஊற்றின. 2020-ல் மாண்ட்ரியலில் ஒரு குழு, இரு காதுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் துடிப்பையும், இரண்டு ஒலிகளை முன்பே கலந்து கொடுக்கும் சாதாரணத் துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தது. மூளை இரண்டுக்கும் ஒத்தாடியது, அதாவது அதன் மின்னலை துடிப்பின் தாளத்திலேயே ஏறி இறங்கியது. சாதாரணத் துடிப்புக்கு இன்னும் வலுவாகவே ஒத்தாடியது. மனநிலையில் இரண்டாலும் மாற்றமில்லை. மூளையை ஒத்தாட வைப்பதுதான் நோக்கம் என்றால் இரு காது வித்தையே தேவையில்லை என்று பொருள். 2023-ல் மூளை அலை ஒத்திசைவைப் பற்றிய 14 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்தார்கள்: ஐந்து ஆதரவு, எட்டு எதிர்ப்பு, ஒன்று கலவை. அதே ஆண்டு போலந்தில் 1000 பேரை அவரவர் வீட்டிலேயே சோதித்த ஆய்வு வெளிவந்தது. நுண்ணறிவுச் சோதனையின் இரண்டாம் பகுதியின்போது பைனாரல் பீட்ஸ் கேட்டவர்களின் மதிப்பெண் குறைந்தது. வேறு ஒலி கேட்டவர்களிடமும் அமைதியில் இருந்தவர்களிடமும் அந்தச் சரிவு இல்லை. ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டோடு நடக்கும் சிறு சோதனைக்கும், நீங்களும் நானும் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு செய்வதற்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் படித்ததில்லை.

"எனக்கு உதவுகிறதே" என்று சொல்பவர்களும் பொய் சொல்வதில்லை. கதவைச் சாத்தி, தொலைபேசியைத் தள்ளிவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இனி ஒரு மணி நேரம் இந்த வேலைதான் என்று உட்கார்கிறார்கள். அதில் பலன் இருக்கத்தான் செய்கிறது. அது துடிப்பின் பலனா, உட்கார்ந்த விதத்தின் பலனா என்பதுதான் கேள்வி. உதவுகிறது என்றால் கேட்டுக்கொண்டிருங்கள், தடையில்லை. ஆனால் சந்தா கட்டி வாங்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இசையை வேகமாக அதிரவைக்கும் இன்னொரு வகையும் இப்போது வந்திருக்கிறது. பாட்டின் ஒலியளவையே விநாடிக்கு 16 முறை ஏற்றி இறக்குகிறார்கள். கவனக்குறைவு அறிகுறிகள் அதிகம் உள்ளவர்களுக்கு இது உதவியது என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. பைனாரல் பீட்ஸைவிட இதற்கு அடிப்படை வலு அதிகம், ஏனென்றால் துடிப்பு காற்றிலேயே இருக்கிறது, மூளை எளிதில் பின்தொடர்கிறது. ஆனால் அந்த இசையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே ஆய்விலும் இருக்கிறார்கள். தொடர்பில்லாதவர்கள் செய்துபார்த்து அதே முடிவு வரும் வரை காத்திருப்பது நல்லது.

மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1993-ல் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இரு பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு இடஞ்சார்ந்த புதிர்களில் எட்டொன்பது புள்ளி கூடுதலாகப் பெற்றார்கள். பலன் கால்மணி நேரத்தில் கரைந்துவிட்டது. அதை வைத்து ஐந்தாண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். 2001-ல் கனடாவில் ஒரு குழு காரணத்தைப் பிரித்துக் காட்டியது: மோட்சார்ட் கேட்டவர்கள் உற்சாகமாக இருந்தார்கள், சோகமான இசை கேட்டவர்கள் அப்படி இல்லை, அந்த உற்சாகத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்தால் மோட்சார்ட்டின் பங்கு மறைந்துவிட்டது. நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. பிடித்த இசையைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு, வேலையைத் தொடங்குவது நல்ல உத்தி.

கேட்டுக்கொண்டே வேலை செய்வது வேறு. அதிலும் சொற்கள் உள்ள ஒலி. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இருவர் எழுத்து வரிசைகளை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜெர்மன் மொழியில் ஒருவர் படிப்பதை ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. கவனிக்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நினைவு கணிசமாகக் கெட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைக் கூர்மைப்படுத்தின: மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் கெடுக்கிறது. "அ, அ, அ" என்று ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அவ்வளவு தொந்தரவு இல்லை. எழுத்து மாறினால் தொந்தரவு. காது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துகொண்டே போகிறது, நாம் மனத்துக்குள் கோத்து வைத்திருக்கும் வரிசையோடு அது மோதுகிறது. காதுக்கு இமை இல்லை. வேண்டாம் என்று மனம் சொன்னாலும் அது தன் வேலையைச் செய்யும்.

வாசிப்புக்குப் பொருள் புரியும் பேச்சு இன்னும் கெடுதல். 2018-ல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புரியும் பேச்சும் வரிகள் உள்ள பாட்டும்தான் வாசிப்பை மிகுதியாகக் குலைப்பவை என்று தெரிந்தது. அதிலும் தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது, இருவர் நேரில் பேசிக்கொள்வதைவிட மோசம். கார்னெல் பல்கலைக்கழகம் 2010-ல் இதைச் சோதித்துக் காட்டியது. பாதி உரையாடல் மட்டும் காதில் விழும்போது, அடுத்து என்ன வரும் என்று மூளையால் ஊகிக்க முடிவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது. அலுவலகத்தில் உங்கள் எரிச்சலுக்குக் காரணம் பொறுமைக் குறைவு அல்ல.

வெள்ளை இரைச்சலின் முதல் மதிப்பு இங்கேதான். பேச்சு ஏறி இறங்கும். இடையில் சிறு பள்ளங்கள் வரும். சீரான இரைச்சல் அந்தப் பள்ளங்களை நிரப்பி, மேடுகளை மழுக்கி, மாறும் ஒலியை மாறாத ஒலியாக்கிவிடுகிறது. வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் சம அளவில் இருப்பதால் கீச்சென்று கேட்கும். இளஞ்சிவப்பு இரைச்சலில் உயர் அதிர்வெண் குறைந்து மழைச் சத்தம்போல் இருக்கும். பழுப்பு இரைச்சலில் இன்னும் குறைந்து தொலைவில் அருவி விழுவதுபோல் முழங்கும். பேச்சை மறைக்கத்தான் வேண்டும் என்றால் இளஞ்சிவப்பு பெரும்பாலும் போதும். பழுப்பு காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் பேச்சில் 'ச', 'ட' போன்ற கூர்மையான ஒலிகள் அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

இரைச்சலுக்கு வேறொரு பலனும் உண்டா என்பதில் சுவையான ஒரு வாதம் இருக்கிறது. 2007-ல் யோரான் சோடர்லுண்டும் உடனிருந்தவர்களும், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) உள்ள சிறுவர்களுக்கு வெள்ளை இரைச்சல் நினைவாற்றலைக் கூட்டியதையும், அது இல்லாத சிறுவர்களுக்குக் குறைத்ததையும் காட்டினார்கள். மெலிந்த சமிக்ஞை ஒன்று கண்டறியும் எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தால், சிறிதளவு இரைச்சல் சேர்ந்து அதை எல்லைக்கு மேலே தூக்கிவிடும் என்பது அடிப்படை. கேட்க விந்தையாக இருந்தாலும் இயற்கையில் இதற்குச் சாட்சி உண்டு: துடுப்பு மீன் தன் இரையின் மின்சமிக்ஞையை, நீரில் சிறிது மின் இரைச்சல் இருக்கும்போது இன்னும் தொலைவிலிருந்து கண்டறிகிறது என்று 1999-ல் காட்டினார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களின் மூளையில் உள் இரைச்சல் குறைவு, வெளியிலிருந்து வருவது அந்தக் குறையை நிரப்புகிறது என்பது சோடர்லுண்டின் விளக்கம். விளக்கம் சரியா என்பதில் விவாதம் நடக்கிறது. பலன் மட்டும் ஓரளவு நிற்கிறது: 2024-ல் வந்த தொகுப்பாய்வு 13 ஆய்வுகளைப் பார்த்து, ஏடிஎச்டி அல்லது அதன் அறிகுறிகள் மிகுந்த குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு இரைச்சலால் சிறிய நன்மை உண்டு என்றது. அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு ஏறத்தாழ அதே அளவு தீமை. எல்லோரும் கொண்டாடும் பழுப்பு இரைச்சலைப் பற்றி அந்தத் தொகுப்பில் சேர்க்கத் தகுந்த ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே நண்பர் ஒருவருக்கு இரைச்சல் அமுதமாக இருப்பதும், உங்களுக்கு அது தலைவலியாக இருப்பதும் இயல்பே. அவரைப் பார்த்து நீங்கள் பழகிக்கொள்ள முயல வேண்டாம்.

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன விஷயத்துக்கு, நழுவிய மனத்துக்கு நினைவூட்டும் ஒலிக்கு, வருகிறேன். உளவியலாளர்களான இயன் ராபர்ட்சனும் டாம் மான்லியும் மூளைக் காயமுற்றவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். 1998-ல் ராபர்ட்சன் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. மூளையின் வலப்பகுதி பாதித்து, இடப்பக்கம் நடப்பதையே கவனிக்காமல் விட்டுவிடும் நோயாளிகளிடம் அது நடந்தது. இடப்பக்கக் காட்சி வலப்பக்கக் காட்சியைவிட அரை விநாடி தாமதமாகத்தான் அந்த நோயாளிகளின் உணர்வுக்கு எட்டியது. காட்சிக்கு முன் ஓர் எச்சரிக்கை ஒலியைக் கொடுத்ததும், அந்த ஒலி எந்தப் பக்கத்தையும் சுட்டாதபோதும், தாமதம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒலியின் பலன் கண நேரத்துக்கு மட்டும்தான்.

கண நேரப் பலனை வைத்து என்ன செய்யலாம்? மான்லி குழு 2002-ல் காட்டியது. மூளைக் காயமுற்றவர்களிடம், ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கட்டணச் சீட்டு தயாரிப்பது, நாணயங்களைப் பிரிப்பது, பெயர்ச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்துவது, தொலைபேசி எண்களைத் தேடுவது, விளம்பரத் தாளில் பிழை திருத்துவது என்று ஐந்து வேலைகள். இருப்பது 15 நிமிடம். எதையும் முடிக்கத் தேவையில்லை, ஐந்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்த்தால் போதும். மூளைக் காயமுற்றவர்களுக்கு விதி புரிந்தது, நினைவிலும் இருந்தது. ஆனால் ஒரு வேலையைத் தொட்டதும் அதிலேயே மூழ்கினார்கள். நாணயத்தைப் பிரிக்கத் தொடங்கியவர் நேரம் முடியும்வரை நாணயத்தையே பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டால், மற்ற நான்கும் இருப்பது தெரியும் என்பார். நம்மில் யாருக்கு இது அந்நியம்? மின்னஞ்சல் ஒன்றைப் பார்க்கத் திறந்து ஒரு மணி நேரம் போனபின், செய்ய நினைத்தது வேறு என்று தெரிந்தே இருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

அடுத்த சுற்றில் ஒரே ஒரு மாற்றம். இடையிடையே, எப்போது என்று தெரியாதபடி, ஒரு ஒலி கேட்கும். கேட்டதும் "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், மொத்தத்தில் என்ன செய்ய வேண்டும்" என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலி எந்த வேலைக்கு மாற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் அவர்களின் செயல்பாடு காயமில்லாதவர்களின் செயல்பாட்டோடு ஏறத்தாழ ஒன்றிவிட்டது.

அம்புச் சோதனையில் கட்டுப்பாட்டைக் குலைத்த அதே பீப் ஒலி இங்கே கட்டுப்பாட்டைக் கொடுத்தது. வேறுபாடு ஒலியில் இல்லை. அங்கே ஒலிக்கும் பதிலுக்கும் இடையே நினைக்க நேரமில்லை. எழுந்த வேகம் அப்படியே விரலுக்குப் போனது. இங்கே கையை நிறுத்த ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் என்ன எண்ணுவது என்று முன்கூட்டியே ஒப்பந்தமும் இருந்தது. மனக்கட்டுப்பாடு அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒலி அதை உரிய வேளையில் தட்டி எழுப்புகிறது.

செய்முறை எளிது. சீரற்ற இடைவெளியில் மெல்லிய மணியை ஒலிக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. மணிக்கு நான்கைந்து முறை போதும். அடிக்கடி ஒலித்தாலும், கடிகாரம்போல் சம இடைவெளியில் ஒலித்தாலும் காது பழகிவிடும், பிறகு கேட்கவே கேட்காது. ஒலி மென்மையாக இருக்கட்டும். திடுக்கிட வைப்பது நோக்கமல்ல. வேலையைத் தொடங்கும் முன் செய்ய நினைத்ததை ஒரு வரியில் தாளில் எழுதுங்கள். மணி கேட்டதும் கையை எடுங்கள், அந்த வரியைப் பாருங்கள், அதில்தான் இருந்தால் தொடருங்கள், இல்லையென்றால் திரும்புங்கள். குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. நழுவியது தெரிந்ததே பலன். எழுதுவது போன்ற ஆழ்ந்த வேலை ஓட்டமாகப் போய்க்கொண்டிருக்கும்போது மணியை அணைத்துவிடுவது நல்லது. பல சிறு வேலைகள் ஒன்றோடொன்று முட்டும் நாட்களில்தான் அது முழுப் பயன் தரும். என் மேசையிலும் அப்படித்தான் பயன்படுகிறது.

தூக்கத்தில் கேட்கவைக்கும் ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாள் கவனம் முந்தின இரவில் இருக்கிறது. 2013-ல் ஜெர்மனியில், ஆழ்துயிலின் மெதுவான அலை மேலெழும் கணத்தைக் கண்டறிந்து, அந்தக் கணத்தில் இளஞ்சிவப்பு இரைச்சலின் சிறு துணுக்கைக் கொடுத்தார்கள். அலை வலுப்பெற்றது, முந்தைய நாள் படித்த சொல் இணைகள் கூடுதலாக நினைவில் நின்றன. 11 பேர்தான் அந்தச் சோதனையில். 2019-ல் வேறொரு குழு செய்தபோது அலை வளர்ந்தது, நினைவு வளரவில்லை. கணம் தப்பினால் பலனில்லை என்பதால் இது இரவெல்லாம் இரைச்சல் ஓடவிடுவதோடு சேராது. அல்சைமர் நோய்க்கு 40 ஹெர்ட்ஸ் ஒலி, ஒளி என்ற செய்தி எலிகளில் கிடைத்த நல்ல முடிவுகளிலிருந்து வந்தது. மனிதர்களிடம் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. வேலை நேரக் கவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எந்த ஒலியைத் தேர்ந்தாலும் உங்கள் மேலேயே சோதித்துப் பாருங்கள், ஆனால் உணர்வை நம்பிச் சோதிக்க வேண்டாம். நன்றாகப் போனதுபோல் இருந்தது என்பது சான்று ஆகாது. பிடித்த ஒலி கேட்டால் எந்த வேலையும் நன்றாகப் போவதுபோல்தான் இருக்கும். ஒரே வகை வேலையை எடுத்துக்கொண்டு, இன்று ஒலியா அமைதியா என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவுசெய்து, திருத்திய பக்கங்கள், விட்ட பிழைகள் என்று எண்ணக்கூடிய ஒன்றை எழுதிவையுங்கள். சில வாரத்தில் தெரிந்துவிடும். பல பேருக்குக் கிடைக்கும் விடை, அமைதி கிடைக்கும் இடத்தில் அமைதியே மேல் என்பது.

ஒலியளவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. பக்கத்துப் பேச்சை மூழ்கடிக்க ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் இந்த எல்லையை வேலை வாரத்தின் நடுவிலேயே தாண்டிவிடலாம். காதில் ஏற்கெனவே ரீங்காரம் இருப்பவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் துடிப்பு ஒலிகளைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். இரவு முழுவதும் இரைச்சலைக் காதுக்குள் செருகிவைத்துத் தூங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சிறிய ஒலிபெருக்கியை அறையின் மறுகோடியில் வைத்துக் குறைந்த அளவில் ஓடவிட்டால் அதே மறைப்பு கிடைக்கும், காதுக்கும் ஓய்வு கிடைக்கும்.